சுரங்கத் தண்ணீர் ஓடையைக் கெடுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களின் தண்ணீர்ப் பிரிவில் பதினான்கு மழைக்காலங்களைக் கழித்திருக்கிறேன், பெரும்பாலும் ஒடிசாவில். ஜூன் பிறந்தால் அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் அதே கேள்வியோடுதான் ஓடிவருவார்கள்: "சார், தண்ணி செவப்பா போகுது, என்ன பண்ண?" அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணில் படுவது கடைசி மதகில். அது பிறந்த இடம் மேலே எங்கோ இருக்கும். மதகடியில் நின்று மருந்து கலக்க ஆரம்பித்தால் பணம்தான் கரையும். பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் வந்த வழியே மேல்நோக்கி நடங்கள். எங்கே நிறம் மாறுகிறதோ அங்கேதான் வேலை.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: நிறமற்ற ஒரு லிட்டர் பாட்டில் நாலைந்து, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் மீட்டர் (அது இல்லாவிட்டால் பிஎச் தாள்), உப்பளவு காட்டும் இசி பேனா, வெள்ளை பிளாஸ்டிக் மக், ஒரு குச்சி, வாளி, கைக்கடிகாரம். எந்தக் கோளாறானாலும் இரண்டு மாதிரி எடுங்கள்: உங்கள் தண்ணீர் ஓடையில் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே எடுத்ததே கலங்கலாக இருந்தால் பழி உங்களுடையது அல்ல. ஆனால் அதை எழுதிவைக்காவிட்டால் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேறும் தண்ணீருக்கு 2000 செப்டம்பரில் மத்திய அரசு வரம்பு அறிவித்தது. பிஎச் 5.5 முதல் 9.0 வரை. தண்ணீரில் கலந்து நிற்கும் துகள், அதாவது டிஎஸ்எஸ், லிட்டருக்கு 100 மில்லிகிராம். எண்ணெயும் கிரீஸும் சேர்த்து 10. நைட்ரேட் நைட்ரஜன் 10. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதுதான் உங்களைக் கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: குளத்தின் கரை கசிகிறது

குளம் என்று நான் சொல்வது, சுரங்கத் தண்ணீரை ஓடைக்கு விடும் முன் மண் படியத் தேக்கிவைக்கும் குளத்தை. இது மட்டும் நடந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம்.

*கசிவு தெளிவாக இருக்கிறது.* மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்த இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். வாளியை வைத்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். அளவு கூடாதவரை கண்காணித்தால் போதும். எலி, நண்டு வளைகள், கரைமேல் முளைத்த மரக்கன்றுகளின் வேர், இந்த மூன்றையும் தேடுங்கள்.

*கசிவில் மண் வருகிறது, அல்லது நேற்றைவிட அளவு கூடியிருக்கிறது.* கரையின் உள்ளே மண் அரித்துக் குழாய்போல் வழி விழுந்துவிட்டது என்று பொருள். அந்த நிமிடமே மேனேஜரையும் கரைக் கட்டுமானம் தெரிந்த பொறியாளரையும் அழையுங்கள். குளத்துக்குள் வரும் தண்ணீரை நிறுத்தி, பம்ப் வைத்து மட்டத்தைக் குறையுங்கள். கரையை வெட்டிவிடாதீர்கள். கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்கவும் கூடாது, தண்ணீர் வேறு வழி தேடும். மணலைப் பரப்பி அதன்மேல் சல்லியைப் போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். கீழே ஊர் இருந்தால் முதல் போன் அந்த ஊருக்குத்தான்.

மிகைப்படுத்திப் பயமுறுத்தவில்லை. 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற இடத்தில் நிலக்கரிக் கழிவால் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். கழிவுநீரைத் தேக்கிய ஒரு குளம்தான் அது.

அறிகுறி 1: வெளியேறும் தண்ணீர் மண் கலங்கலாக இருக்கிறது

பத்துப் புகாரில் ஏழு இதுதான். எதையும் தொடுவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்து மேசைமேல் ஆடாமல் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாள் காலையிலும் பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்த பாட்டில் சொல்லும்.

*1-அ. ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது*

மண்ணில் குறையில்லை, குளத்தில்தான் குறை. படிய வேண்டிய மண்ணுக்குப் படிய நேரம் கிடைக்கவில்லை.

முதலில் பம்பைப் பாருங்கள். குழியின் சம்பில், அதாவது தண்ணீர் வந்து சேரும் அடிப்பள்ளத்தில், இருக்கும் உறிஞ்சுகுழாய் அடிச்சேற்றில் கிடந்தால் சேற்றைத்தான் அனுப்பும். நான்கு காலி டிரம்மைக் கட்டி அதன்மேல் உறிஞ்சுவாயை மிதக்கவிட்டு மேல்தண்ணீரை எடுக்கச் செய்யுங்கள். அரை நாள் வேலை, செலவு ஏறக்குறைய இல்லை. கூடவே, மழை நின்றதும் பம்பை ஓட்டாமல் சம்பு படிய சில மணி நேரம் விட முடியுமா என்று ஷிப்ட் பொறுப்பாளரிடம் கேளுங்கள். குழியில் ஆளும் இயந்திரமும் இருப்பதால் அந்த முடிவு அவருடையது, நாமாக நிறுத்தக் கூடாது.

அடுத்து, குளம் தூர்ந்திருக்கிறதா? நீள மூங்கிலின் அடியில் ஒரு தட்டை ஆணியடித்து, அடிக்கணக்கு குறித்து, படகிலோ தெப்பத்திலோ போய்ப் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். வண்டலுக்கென்று ஒதுக்கிய ஆழத்தில் 60 சதவீதம் நிரம்பியிருந்தால் தூர்வார வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாரிய சேற்றை அதே கரையில் கொட்டிவைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. முதல் மழையில் அத்தனையும் திரும்பக் குளத்துக்குள் இறங்கும். டம்பரில் ஏற்றி, கரிக்கு மேலிருந்து தோண்டிய மண்ணைக் குவித்த மேல்மண் மேட்டின் உட்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

தூரும் இல்லையா? ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவாருங்கள். முக்கால்வாசி முங்கி மிதப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது, தண்ணீரோடுதான் போகும். உள்வாயில் போட்டு வெளிமதகுக்கு வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒருமுறை 80 மீட்டர் நீளக் குளத்தில் இதைச் செய்தேன். கொள்ளளவை வரத்தால் வகுத்தால் தண்ணீர் 18 மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும் என்பது காகிதக் கணக்கு. ஆரஞ்சு 25 நிமிடத்தில் மதகில் வந்து முட்டியது. குளத்தின் இரண்டு மூலைகளும் பாசி படிந்து அசையாமல் கிடக்க, தண்ணீர் நடுவில் ஒரு வாய்க்கால் போலப் பாய்ந்துகொண்டிருந்தது. பெரிய குளம் வெட்ட மதிப்பீடு தயாராகிக்கொண்டிருந்த சமயம் அது. தார்ப்பாயை மேல்விளிம்பில் டிரம்மும் கீழ்விளிம்பில் பழைய சங்கிலியுமாகக் கட்டி, இரண்டு இடத்தில் குறுக்கே தொங்கவிட்டோம். உள்வாயில் கம்பிவலைக் கல்பெட்டி வைத்து வேகத்தை அடக்கினோம். அடுத்த ஆரஞ்சு வந்துசேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மதிப்பீட்டுக் கோப்பு மூடப்பட்டது.

இத்தனையும் சரியாக இருந்தும் பெருமழையில் மட்டும் கலங்கல் என்றால் குளம் உண்மையிலேயே சிறிது. அகலத்தைப்போல் மூன்று மடங்காவது நீளம் உள்ள இரண்டாவது குளத்தை முதலாவதன் பின்னால் சேர்க்க வேண்டியிருக்கும். அங்கே சர்வேயரும் நீரியல் கணக்குப் போடத் தெரிந்தவரும் வேண்டும். கண்மதிப்பில் வெட்டாதீர்கள்.

*1-ஆ. மறுநாள் காலையிலும் பால்டீ போலவே இருக்கிறது*

நுண்களிமண். எவ்வளவு பெரிய குளம் வெட்டினாலும் தானாகப் படியாது. மருந்து வேண்டும், ஆனால் அளவு தெரியாமல் போடக் கூடாது.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். இந்தக் கரைசலில் 1 மில்லி, ஒரு லிட்டர் கலங்கலில் சேர்ந்தால் 10 மில்லிகிராம் அளவு. ஆறு பாட்டில் கலங்கலை வரிசையாக வைத்து 1, 2, 3, 5, 7, 10 மில்லி விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பதினைந்து நிமிடம் மெதுவாகச் சுழற்றி, அரை மணி நேரம் விடுங்கள். சரியான பாட்டிலில் அவல் அவலாகத் திரண்டு கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும், மேலே தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். தெளிந்தவற்றில் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. அந்த பாட்டிலின் பிஎச்சையும் பாருங்கள், படிகாரம் அதைக் கீழே இழுக்கும். 6-க்குக் கீழே போனால் பாலி அலுமினியம் குளோரைடு வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள்.

மருந்தைக் குளத்தில் தூவக் கூடாது. உள்வாய்க்கால் துள்ளி விழும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அங்கேதான் கலக்கம் கிடைக்கும். மண்ணைத் திரட்டும் பாலிமர் வாங்கினால் எதிர்மின்னூட்டம் உள்ள வகையைக் கேளுங்கள். நேர்மின்னூட்ட வகை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு அதைக் கொல்லும். விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

*1-இ. குளம் தெளிவு, ஓடை கலங்கல்*

குளத்தைச் சுற்றிக்கொண்டு ஏதோ ஒன்று போகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு கிளம்புங்கள். வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. மேல்மண் மேட்டைச் சுற்றி ஓடும் கார்லண்ட் வாய்க்காலில் எங்கோ கரை உடைந்திருக்கும், அல்லது டம்பர் ஓடும் ஹால் ரோட்டுக்காக வாய்க்காலை மண்போட்டு மூடியிருப்பார்கள். குழாய் வைக்காமல் மூடிய வழி, மழைநாளில் உடைப்புதான். பொக்லைன் ஒன்று, இரண்டு மணி நேரம், முடிந்தது.

வாய்க்கால் சரியாக இருந்து அதற்குள்ளேயே மண் கொட்டினால் மேட்டைப் பாருங்கள். விரல் அகலக் கோடுகள் என்றால் தென்னைநார் வலை விரித்து வெட்டிவேர் நட்டால் அடுத்த மழைக்குள் பிடித்துக்கொள்ளும். ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மேலே தட்டுகளின், அதாவது மேட்டின் படிகளின், சரிவு தப்பாக இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் மேட்டின் உட்பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் உள்ளோரமாக ஓடிக் கல்பதித்த சரிவாய்க்காலில் இறங்க வேண்டும். வெளியே சாய்ந்திருந்தால் எத்தனை புல் நட்டும் பயனில்லை. மேட்டின் மொத்தச் சரிவு 28 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது நம் சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை.

மேட்டின் அடியில் கோடையிலும் ஈரம் நிற்கிறதா, மேலே பிளவு தெரிகிறதா? அது ஓடைப் பிரச்சினை மட்டும் அல்ல. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் ஆபெர்ஃபான் கிராமப் பள்ளிமேல் சரிந்த கழிவு மேடு ஊற்றுமேல் கொட்டப்பட்டது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த ஈரத்தைப் பார்த்ததும் சரிவு உறுதி பார்க்கும் நிபுணரை அழையுங்கள்.

மழைநீர் வெளிக்காட்டிலிருந்து வந்து உங்கள் அழுக்குநீரில் கலக்கிறதா என்றும் கூடவே பாருங்கள். மேலே ஒரு திருப்புவாய்க்கால் வெட்டி நல்ல தண்ணீரை நல்ல தண்ணீராகவே ஓடைக்கு அனுப்பிவிட்டால் குளத்தின் சுமை பாதியாகக் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். சுரங்கத்தில் தண்ணீருக்காகச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயன் தருவது எதுவும் எனக்குத் தெரியாது.

அறிகுறி 2: தண்ணீர் கறுப்பு

வெள்ளைத் துணியில் வடிகட்டித் தேய்த்துப் பாருங்கள். மை போல் ஒட்டினால் கரித்தூள். மண்ணைவிடக் கரி எடை குறைந்தது, மெதுவாகப் படியும். மிக நுண்ணிய தூள் மேலேயே மிதந்து மதகைத் தாண்டிவிடும்.

முதல் சந்தேகம் தண்ணீர் லாரி. தூசி அடங்க ஹால் ரோட்டில் தெளிக்கும் தண்ணீர் ஓரத்தில் ஓடுகிறது என்றால் தேவைக்கு மேல் கொட்டுகிறார்கள். சாலை நனைந்தால் போதும், ஓடக் கூடாது. அடுத்து கரி குவித்திருக்கும் இடமும் ரயில் சைடிங்கும். குவியலின் அடிச்சுவர் உடைந்து கரி வாய்க்காலுக்குள் சரிந்திருக்கும். மூன்றாவது, கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் தரையைக் கழுவிவிடும் ஷிப்ட். கழுவும் முன் பெருக்கி அள்ளச் சொல்லுங்கள்.

மிதக்கும் தூளுக்கு ஒரு பலகை போதும். மதகுக்கு முன்னால் நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே இறங்கும்படி குறுக்கே நிறுத்துங்கள். மேல்படலம் பலகையில் நிற்கும், தண்ணீர் அடியில் போகும். தேங்கும் தூளைத் தினமும் அள்ள வேண்டும், மறந்தால் அடுத்த மழையில் மொத்தமும் ஒரே நாளில் போகும்.

கரி கழுவும் வாஷரியிலிருந்து கறுப்பு வந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் உள்ளேயே சுற்ற வேண்டியது. வெளியே வருகிறது என்றால் திக்கனரிலோ (கழுவிய தண்ணீரைத் தெளியவைக்கும் தொட்டி) குழாயிலோ பெரிய பழுது. ஆலைப் பொறியாளரைக் கூப்பிட்டு, அதுவரை வெளிமதகை அடையுங்கள்.

அறிகுறி 3: ஓடைக் கற்களில் காவி ஏறுகிறது

ஒருமுறை கீழூர்ப் பெரியவர் ஒருவர் தன் வேட்டியை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். "பாபு, மூணு தடவை தொவச்சுட்டேன்" என்று அவர் மொழியில் சொன்னார். வெள்ளை வேட்டி முழுக்கத் துருக்கறை, மடிப்புகளில் இன்னும் ஆழமாக. எங்கள் ஏட்டில் அந்த வாரம் எல்லா எண்ணும் வரம்புக்குள்தான் இருந்தது, ஏனென்றால் அந்தப் பட்டியலில் இரும்பு இல்லை. அன்றிலிருந்து இரும்பையும் அளக்கிறேன். நீங்களும் அளந்துவிடுங்கள்.

காவி என்றால் இரும்பு. பிஎச் பார்த்து வழி பிரியும்.

*3-அ. பிஎச் 6.5-க்கு மேல்.* அமிலம் இப்போது இல்லை. தண்ணீரைப் படிப்படியாக விழவைத்துக் காற்றுப்படச் செய்யுங்கள். நாலைந்து கல்படி, அதன்கீழ் அகலமான ஆழமில்லாத குளம். இரும்பு அங்கேயே காவியாகப் படிந்துவிடும், ஓடைக்குப் போகாது. ஆனால் ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஊற்றுக்கண்ணில் பிஎச் 6.5 காட்டும் தண்ணீர், காற்றில் பட்டு இரும்பு படியப் படிய அமிலமாகி, ஒரு கிலோமீட்டர் தள்ளி 3.5 காட்டலாம். ஒரு குவளையில் பிடித்துச் சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பிஎச் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் 3-ஆ பக்கம் வாருங்கள்.

*3-ஆ. பிஎச் 5.5-க்குக் கீழ்.* வெளிமதகை அடையுங்கள். கந்தகக் கல் (பைரைட்) கலந்த பாறை எங்கோ மழையில் நனைந்து அமிலம் விட்டுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுக் கரியில் பெரும்பகுதியான கோண்டுவானா நிலக்கரியில் கந்தகம் பொதுவாக 1 சதவீதத்துக்குக் குறைவு, அதனால் இது நமக்கு வராது என்று பலர் நம்புகிறார்கள். கரியில் குறைவாக இருந்தாலும் கரிக்கு மேலும் கீழும் இருக்கும் கறுத்த களிப்பாறையில் இருக்கலாம். அசாமிலும் மேகாலயாவிலும் கரியிலேயே கந்தகம் மிகுதி. ஜெயந்தியா மலை ஓடைகள் அமிலமாகி மீன் அற்றுப்போனது குறித்த புகாருக்குப் பிறகுதான் 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே ஆள் தவழ்ந்து போகும் குறுகிய எலிவளைச் சுரங்கங்களைத் தடைசெய்தது.

உடனடி வேலை சுண்ணாம்பு. ஆய்வகத்தில் அமிலத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள், பிஎச் மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் அமிலத்தன்மைக்கு 0.74 மில்லிகிராம் நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். அமிலத்தன்மை 300, வரத்து மணிக்கு 50 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: 300 × 0.74 = 222, அதாவது கனமீட்டருக்கு 222 கிராம். மணிக்கு 11 கிலோ, நாளுக்குச் சுமார் 270 கிலோ. கரையாமல் வீணாவதையும் சேர்த்து 320 கிலோ இருப்பு வையுங்கள். பாலாகக் கரைத்துத்தான் விட வேண்டும், மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் பாதி அடியில் கட்டியாகிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் சுண்ணாம்பைத் தொட விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிஎச் 9-ஐத் தாண்டவும் கூடாது. வெடிமருந்து மிச்சத்தால் அமோனியம் கலந்த தண்ணீராக இருந்தால் 9-க்கு மேலே அது அமோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

சுண்ணாம்புக்கல் வாய்க்கால் மலிவான வழி என்று யாராவது சொல்வார்கள். இரும்பு மிகுந்த தண்ணீரில் அந்தக் கல்மேல் காவி கவசம்போல் படிந்து, சில வாரங்களில் வேலை நின்றுவிடும்.

சுண்ணாம்பு தினச்செலவு, மூலம் அப்படியே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் போடவேண்டி வந்தால் புவியியலாளரை அழைத்து, எந்த அடுக்குப் பாறை அமிலம் விடுகிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாறையைத் தனியாகப் பிரித்துக் குழியின் அடியில், நிரந்தரமாக நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி புதைப்பதோ களிமண் மூடுவதோ அவர் முடிவு. செலவு அதிகம்தான். ஆனால் பாறையில் கந்தகக் கல் தீரும்வரை அமிலமும் வரும், சுரங்கத்தை மூடிய பிறகும் வரும்.

அறிகுறி 4: தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு, ஆனால் மீனும் இல்லை, தவளையும் இல்லை

நான் மிகவும் பயப்படும் தண்ணீர் இதுதான். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், கரையில் பாசிகூட இருக்காது, லேசாக நீலப்பச்சை தட்டும். குழந்தைகள் குளிக்க ஆசைப்படுவார்கள். அமிலம் களிமண்ணைத் திரளவைத்துப் படியச் செய்வதால் வந்த தெளிவு அது. பிஎச் பாருங்கள், அநேகமாக 4-க்குக் கீழே இருக்கும். உடனே வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைத்து, 3-ஆ வழியில் போங்கள். பிஎச் சரியாக இருந்தும் உயிரில்லை என்றால் கரைந்த ஆக்சிஜன், அமோனியா, உலோகங்கள் மூன்றையும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கையால் கண்டுபிடிக்கும் வேலை அல்ல.

அறிகுறி 5: மேலே வானவில் படலம்

குச்சியால் படலத்தைக் குத்துங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியா, 3-அ பாருங்கள். பிரிந்தது மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய்.

எண்ணெய் என்றால் வொர்க்ஷாப். எண்ணெய்ப் பொறியின் (எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரித்துப் பிடிக்கும் தொட்டி) மேல் அறை நிரம்பி வழிகிறதா? வாரம் ஒருமுறை அள்ளாத பொறி, பொறியே இல்லை. வெளிக்குழாயின் வளைவு கீழ்நோக்கி முங்கியிருக்கிறதா? உடைந்து போயிருந்தால் எண்ணெய்தான் முதலில் வெளியேறும். கூரைத் தண்ணீர் பொறிக்குள் விழுந்தால் மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும், அதைத் தனியாகத் திருப்புங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து தண்ணீர் மோர்போல் வெளுத்து வந்தால் டம்பரைச் சோப்புப்பொடி போட்டுக் கழுவுகிறார்கள். சோப்பு எண்ணெயைக் கரைத்துவிடுவதால் பொறி பிடிக்காது. கழுவும் ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள், திட்டாதீர்கள். வண்டி பளிச்சென்று இருக்கவில்லை என்று அவர்களைக் கேட்பது நம் ஆட்கள்தான்.

அறிகுறி 6: குளம் திடீரென்று பச்சைப்பசேல்

பெரும்பாலும் வெடிமருந்து. அமோனியம் நைட்ரேட் குருணை தண்ணீரில் சர்க்கரைபோல் கரைந்து பாசிக்கு உரமாகும். துளை நிரப்பும்போது சிந்தியதைப் பெருக்கி அள்ளுகிறார்களா, ஈரத்துளையில் குருணையைக் கொட்டுகிறார்களா என்று வெடிப்புப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஈரத்துளைக்குத் தண்ணீரில் எளிதில் கரையாத கூழ் வெடிமருந்தான எமல்ஷன்தான் சரி. சிந்துவதே இல்லை என்றால் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள்.

அறிகுறி 7: கரையில் வெள்ளைப் பொருக்கு, மாடு வாய் வைக்க மறுக்கிறது

உப்பு. இசி பேனாவை எடுத்து ஓடையின் மேல்பக்கம், கீழ்பக்கம், சம்பு மூன்றையும் அளங்கள். பாசனத்துக்கு உகந்த ஆற்றுநீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் உச்சம் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோ சீமென்ஸ். சம்பு அதைத் தாண்டினால், தூசிக்குத் தெளிப்பதற்கும் கழுவுவதற்கும் முதலில் அந்தத் தண்ணீரையே செலவழியுங்கள், நல்ல தண்ணீரைத் தொடாதீர்கள்.

மிச்சத்தைக் கோடையில் வெளியே விடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது உப்பு அப்படியே நிற்கும். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் ஆற்றில் சுரங்கங்களுக்கு இதையே சட்டமாக்கியிருக்கிறார்கள். ஆறு தாழ்ந்து ஓடும்போது ஒரு சொட்டும் விடக் கூடாது, நீர் உயர்ந்து வரும்போது மட்டும் ஆளுக்கு இத்தனை பங்கு. சிங்கிள்டன் ஊரருகே ஆறு 900 மைக்ரோ சீமென்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கணக்கு. நம் ஊரில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டாலும் வாரியத்தின் இசைவோடு தேக்கிவைத்து ஆற்றில் நீர் ஏறும்போது விடலாம். தேக்க இடமே இல்லை என்ற நிலை வந்தால்தான் ஆர்ஓ. அது பெரிய முதலீடு, அதிலிருந்து வரும் கடும் உப்புநீரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் சேர்த்து ஆலோசகரிடம் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும்போது

நிபுணரைக் கூப்பிட்டாயிற்று, அவர் முதலில் கேட்பது மாதிரி. இங்கே கோட்டைவிட்டால் எல்லாம் வீண். பிஎச்சை ஓடையிலேயே அளந்து எழுதுங்கள், பாட்டிலில் போகப் போக அது மாறும். எண்ணெய்க்கு அகலவாய்க் கண்ணாடி பாட்டில்தான். அதை ஓடைத் தண்ணீரில் அலசாதீர்கள், நேரடியாகப் பிடியுங்கள், எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்கு ஆய்வகமே நைட்ரிக் அமிலம் விட்டுத் தரும் பாட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் அலசக் கூடாது, அமிலம் போய்விடும். துகளுக்கு உள்ளதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். கரையோரத்து அடிச்சேற்றைக் கலக்கிவிடாமல், நீரோட்டத்தை எதிர்த்து நின்று, உங்கள் காலுக்கு மேல்பக்கத்துத் தண்ணீரைப் பிடியுங்கள். பாட்டில்மேல் இடம், தேதி, நேரம், அன்று எத்தனை மில்லிமீட்டர் மழை என்று எழுதுங்கள். மழை அளவு எழுதாத மாதிரியை வைத்து எந்த நிபுணராலும் உங்களுக்கு வழி சொல்ல முடியாது.